இரட்டைச் சிப்பாய்

கார்நாட்டுக்கும் வெண்ணாட்டுக்கும் நடுவே, கட்டம் கட்டமாக வரப்புப் போட்ட ஒரு வெளி கிடந்தது. அது யாருக்குச் சொந்தம் என்பதில் இரண்டு நாட்டுக்கும் தீராத தகராறு. தகராறு என்றால் ஓடிப்போய் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் நாகரிகமான நாடுகள். வெண்ணாடு ஒரு நகர்வு நகரும். கார்நாடு உட்கார்ந்து யோசித்துப் பதில் நகர்வு நகரும். ஒரு நகர்வுக்கு ஒரு பருவமாவது பிடிக்கும். சில நகர்வுகளுக்கு ஓர் ஆட்சிக்காலமே செலவாகிவிடும்.

முதல் நகர்வு எப்போதும் வெண்ணாட்டுக்குத்தான். ஏன் அப்படி என்று கார்நாட்டில் யாருக்கும் தெரியாது; கேட்டவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வெண்ணாடும் கொஞ்சம்கூடச் சலிக்காமல் ஒவ்வொரு முறையும் ஒரே காரியத்தைத்தான் செய்தது. தன் ராணியின் மாளிகைக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே அனுப்பியது. அதனால் கார்நாட்டின் அரசியல் முழுவதும் ஒரே கேள்விக்குள் அடங்கிப்போயிருந்தது. அவன் ராணிச் சிப்பாயை அனுப்பிவிட்டான், நாம் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தார்கள். டீக்கடையில் அதைப் பேசினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அதைப் பற்றி வாக்குவாதம் முற்றி, காபி குடிக்காமல் எழுந்து வந்தவர்களும் உண்டு.

இந்தக் கேள்வியை ஆராய்வதற்கென்றே தலைநகரில் தொடக்கவியல் வாரியம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் வித்தகர் பரஞ்சுடரார். ஆட்சி மாறினாலும் அவர் மாறமாட்டார். வெளியை அவர் பக்கத்தில் வந்து பார்த்தது மிகக் குறைவு. மாடியிலிருந்து பார்த்தால்தான் கட்டங்கள் தெளிவாகத் தெரியும் என்பது அவருடைய கொள்கை.

இருசப்பன் கார்நாட்டின் ராணிச் சிப்பாய். பரம்பரையாக வந்த வேலை. அங்காயியைக் கட்டிக்கொண்டு வந்து மாமியார் வீட்டு விருந்துகூட முடியவில்லை, அதற்குள் முரசு அடித்துவிட்டது. வெண்ணாடு நகர்ந்துவிட்டதாம். அப்போது ஆட்சியிலிருந்த மறுப்போர் கட்சி, பதிலுக்கு நம் ராணிச் சிப்பாயும் இரண்டு கட்டம் போவான் என்று அறிவித்தது.

போவது பெரிய விஷயமில்லை. இரண்டு கட்டம்தானே, கூப்பிடு தூரம். சங்கடம் திரும்பி வருவதில்தான் இருந்தது. கார்நாட்டில் பின்வாங்காச் சட்டம் என்று ஒன்று உண்டு. ராஜா பின்னால் வரலாம். ராணி எந்தப் பக்கமும் போகலாம், வரலாம். மந்திரிகள், குதிரைப்படை, யானைப்படை எல்லாரும் போன வழியே திரும்பலாம். சிப்பாய் மட்டும் திரும்ப முடியாது. சிப்பாய் ஒருவன் பின்னால் நடந்தால் நாடே பின்னால் நடந்ததாகிவிடும் என்று சட்டத்தின் முன்னுரையில் எழுதியிருந்தது. ஆகவே இருசப்பன் தன் வீட்டுக் கூரையைக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்தது என்று இரண்டு ராஜாக்களும் சொல்லும்வரை அங்கே போக முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கட்டத்தில் போய் நின்றபோது, மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி எதிரே வெண்ணாட்டின் ராணிச் சிப்பாய் நின்றான். ஒல்லியான ஆள், பெயர் தவசி. நேர் எதிரே நிற்கிறவனைச் சிப்பாய் தொடக்கூடாது, குறுக்கே நிற்கிறவனைத்தான் வெட்டலாம் என்பது இரண்டு நாட்டுக்கும் பொதுவான விதி. இவனை அவனும் அவனை இவனும் ஒன்றும் செய்ய முடியாது. தாண்டிப் போகவும் முடியாது. கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். முறைத்து முறைத்துக் கண் வலித்த பிறகு தவசிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணே, பொகையில இருக்குதா?"

இருந்தது. அப்படித்தான் பழக்கமானார்கள்.

சாயங்காலம் ஆனால் அங்காயி வேலி ஓரம் வந்து நின்று கத்துவாள்.

"மாமா, சாப்டீங்களா?"

"சாப்ட்டேன் புள்ள. நீ?"

"நான் கெடக்கறேன். எப்ப வருவீங்க?"

"ஆட்டம் முடியட்டும்."

"அது எப்ப முடியும்?"

இந்தப் பேச்சு நடக்கும்போது தவசி தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொள்வான். அவனுக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது, மாராயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் காலையில் வந்து கத்துகிறவள்.

வெண்ணாட்டின் அடுத்த நகர்வும் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். வேறொரு சிப்பாயைக் கூட்டிவந்து, இருசப்பனுக்குக் குறுக்கே, வெட்டுவதற்கு வாகாக நிறுத்திவிட்டுப் போனார்கள். காவல் கிடையாது, கேட்பார் கிடையாது. இந்தா, எடுத்துக்கொள் என்கிற மாதிரி. எடுத்தால் லாபமா, பொறியா? ஏற்போர் கட்சி எடு என்றது. மறுப்போர் கட்சி எடுக்காதே என்றது. இரண்டுக்கும் தனித்தனிக் கொடி, தனித்தனிப் பாட்டு. தலைமுறை தலைமுறையாக இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்த இலவசச் சிப்பாய், யாரோ பெற்ற பிள்ளை, தன்னை வெட்டுவார்களா மாட்டார்களா என்று கார்நாட்டின் தேர்தல் முடிவுக்காக வெயிலில் காத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்கவே இருசப்பனுக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுப்போர் ஆட்சி, மறுப்பதோடு நிற்கவில்லை. இருசப்பனைத் தாங்கிப் பிடிக்க அடுத்த தெருச் சிப்பாயையும் ஒரு கட்டம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. இதற்கு 'உறுதியான நடுமண்டலம்' என்று பெயர் வைத்தார்கள். உறுதி வந்தது உண்மைதான். ஆனால் அப்படி நிறுத்தியதில், உள்துறை மந்திரி வெளியே வருகிற வழி அடைபட்டுவிட்டது. நாட்டை ஆளவேண்டிய மந்திரி, சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் தன் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். மழையில் ஏரிக்கரை உடைந்தது. பார்க்க அவரால் வர முடியவில்லை. காய்ச்சல் பரவியது, அதற்கும் வர முடியவில்லை. வாரியம் கூடி ஓர் ஆணை பிறப்பித்தது. மந்திரி வெளிவர இயலாத காலத்தில் மக்களுக்குக் குறைகள் எழாதிருக்க வேண்டும். குறை எழுந்தவர்களைக் காவலர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்து வந்தது திறந்த பாதைத் திட்டம். யானைப்படை தடையில்லாமல் வந்து போக ஒரு தெரு முழுக்கக் காலியாக இருக்கவேண்டும் என்று பரஞ்சுடரார் ஒரு கருத்தரங்கில் பேசினார். அங்காயி இருந்த தெருவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேலியைப் பிடுங்கினார்கள், கிணற்றை மூடினார்கள், மாட்டுக்கொட்டகையை இடித்தார்கள். கூரை மட்டும் மிஞ்சியது. யானை வரவில்லை. அதற்குள் வேறு கருத்து வந்துவிட்டதாம்.

"தண்ணிக்கு அடுத்த தெரு வரைக்கும் போறேன் மாமா," என்றாள் அங்காயி. பிடுங்கிப்போட்ட வேலி இருந்த இடத்தில் நின்றுகொண்டுதான் இப்போதும் கத்தினாள். குரல் முன்பைவிட மெலிந்திருந்தது.

"ஒடம்பப் பாத்துக்க."

"ஒடம்புக்கென்ன. நீங்க வந்தாப் போதும்."

தேர்தல் வந்தது. ஏற்போர் கட்சி ஊர் ஊராக வந்து, நாங்கள் வந்தால் எடுப்போம், எடுத்தால் ஆட்டம் சீக்கிரம் முடியும், முடிந்தால் உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று சொன்னது. அங்காயி அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாள். இருசப்பனுக்கு ஓட்டு உண்டு. ஆனால் சாவடி அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏற்போர் கட்சி வென்றது. வென்ற கையோடு, கொள்கை அளவில் ஏற்கிறோம், நடைமுறையை வாரியம் பரிசீலிக்கும் என்றது. பரிசீலனை நீண்டுகொண்டே போனது. ஒருநாள் காலையில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போன கார்நாட்டுக் குதிரைப்படை அந்த இலவசச் சிப்பாயை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. அது எந்தக் கட்சியின் சாதனை என்று சபையில் ஏழெட்டு நாள் விவாதம் நடந்தது. பிறகு தவசி சொன்னான்: "அவம் பேரு கூடக் கேக்காம உட்டுட்டோம்ணே."

அந்தச் சமயத்தில்தான் தலைநகருக்கு யந்திரம் வந்தது. கடல் கடந்து ஒரு வியாபாரி கொண்டுவந்து இறக்கினான். எந்த நகர்வைச் சொன்னாலும் அதன் கடைசி வரைக்கும் பார்த்து, யாருக்கு எவ்வளவு லாபம் என்று எண்ணாகச் சொல்லிவிடும். வித்தகர்கள் இத்தனை தலைமுறையாக எழுதிக் குவித்த தற்காப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதனிடம் கேட்டார்கள். ஏற்றால்? பூஜ்ஜியம். மறுத்தால்? பூஜ்ஜியம். நடுவை விட்டுக்கொடுத்து ஓரமாகப் பதுங்கியிருந்து அப்புறம் பாய்ந்தால்? கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, அதற்கும் ஏறக்குறைய பூஜ்ஜியம்தான் என்றது. நாடு முழுவதும் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். பூஜ்ஜியம் போட்ட சட்டைகள் விற்றன.

யந்திரத்துக்குச் சில விசித்திரமான பிரியங்கள் இருந்தன. அதிலொன்று மூலைச் சிப்பாய். எங்கோ கடைசியில், யாருக்கும் தொந்தரவில்லாமல் நின்றுகொண்டிருந்த ஒரு வயசான ஆளை எழுப்பி, ஒரு கட்டம் முன்னால் நகர்ந்து நில் என்றார்கள். எதற்கு என்று அவர் கேட்டார். எதற்கென்று எதிரி யோசிக்க வேண்டும், அதற்குத்தான் என்று பதில் வந்தது. இதற்கு 'பொருளுள்ள சும்மா' என்று வாரியம் பெயர் வைத்தது. அவர் வீட்டை விட்டு வந்துவிட்டார், அவ்வளவுதான். அவரால் இனித் திரும்ப முடியாது.

இந்தப் புதிய கண்டுபிடிப்புகளை விளக்க, பரஞ்சுடராரே குடை பிடித்த ஆட்களோடு வெளிக்கு எழுந்தருளினார். மேடை போட்டார்கள். பேசி முடித்துவிட்டு, சிப்பாய்களுக்கு ஐயம் இருந்தால் கேட்கலாம் என்றார். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிற வார்த்தை அது. இருசப்பன் கேட்டான்.

"சாமி, பூஜ்ஜியம்னா என்னங்க அர்த்தம்?"

"இரு தரப்பும் சரிசமம். எவருக்கும் அனுகூலமில்லை, எவருக்கும் பாதகமில்லை. நூற்றாண்டுகால ஆராய்ச்சியின் உச்சம் அது."

"எப்படி ஆடினாலும் கடசியில அதுதானுங்களா?"

"பிழையின்றி ஆடினால், அதுவே."

"அப்ப இப்பவே சமம்னு சொல்லிட்டு, எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிரலாமுங்களே."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பரஞ்சுடரார் சிரித்தார், கோபப்படுகிற ஆளில்லை.

"ஆடாமல் அடையும் சமம் வெறும் சோம்பல். ஆடி அடையும் சமமே சாதனை. இன்னொன்றும் உண்டு. நீ சொல்வதுபோல் இன்றே முடித்துவிட்டால், நாளை முதல் வாரியம் எதற்கு?"

எல்லாரும் கை தட்டினார்கள். இருசப்பனுக்குக் கேட்டதே தப்பு என்று ஆகிவிட்டது. எதிரே தவசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய நாட்டு வித்தகரும் போன வாரம் இதையேதான் சொன்னாராம். அங்கேயும் அதே வியாபாரி ஒரு யந்திரத்தை இறக்கியிருந்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ நகர்வுகள். ராஜா ஒருநாள் யானைக்குப் பின்னால் போய்ப் பத்திரமாக ஒதுங்கிக்கொண்டார். 'கோட்டை கட்டினார்' என்று அதைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். இருசப்பனுக்கு முடி நரைத்தது. அங்காயிக்கும் நரைத்திருந்ததை ஒரு நாள் வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தான். பிள்ளை இல்லை, எப்படி இருக்கும். அன்றைக்கு அவன் அழுதான். தவசி விலகிப் போக முடியாமல் எதிரே நின்றுகொண்டிருந்தான்.

கடைசியில் சமாதானம் வந்தேவிட்டது. இரண்டு ராஜாக்களும் கை குலுக்கிக்கொண்டு, ஆட்டம் சமம் என்று அறிவித்தார்கள். யானைகள் திரும்பின, குதிரைகள் திரும்பின. மந்திரிகள் பல்லக்கில் போனார்கள். ராணி போகிற வழியில் இருசப்பனைப் பார்த்து லேசாகத் தலையசைத்ததாகவும் சொன்னார்கள். அவனும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, தவசியிடம் சொல்லிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பினான். கால் எடுப்பதற்குள் காவலர் தலைவர் ஓடிவந்து நிறுத்தினார்.

"எங்கே போகிறாய்?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சுங்களே. வீட்டுக்குத்தான்."

"ஆட்டம் முடிந்தது. பின்வாங்காச் சட்டம் முடியவில்லை. சமாதான உடன்படிக்கையில் சிப்பாய்கள் பற்றிக் குறிப்பு ஏதுமில்லை."

"யாரும் எங்கள நெனக்கலையா?"

"நினைத்தார்கள். நடுமண்டலம் காலியாகிவிட்டால் சமம் குலைந்துவிடும் என்று கருதினார்கள்."

இருசப்பன் பழையபடி நின்றான். அங்காயி அன்று சமைத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விவரம் தெரிந்து, வேலி இருந்த இடத்துக்கு வந்து, கத்தாமல் சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

அடுத்த தேர்தலில் நடுவெளிச் சிப்பாய்கள்தான் பேச்சு. சுவரெல்லாம் இருசப்பன் படம். இரண்டு கட்சிகளும் ஒரே வாக்குறுதியைக் கொடுத்தன: சிப்பாய்களை அவர்களின் குடும்பத்தோடு சேர்த்து வைப்போம். அங்காயி இந்த முறை இரண்டு கட்சியின் கூட்டத்துக்கும் போனாள். எந்தக் கட்சி வென்றது என்பதை எழுதி என்ன ஆகப்போகிறது. வென்றார்கள். இந்தத் தடவை வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள்.

அன்று காலையிலேயே தெருவில் மேளம் கேட்டது. தவசிக்குப் பின்னால் அதற்குச் சற்று முன்புதான் மேளம் கேட்டு ஓய்ந்திருந்தது. இருசப்பன் அவனைத் தாண்டி எட்டிப் பார்த்தான். தவசியின் முதுகுக்குப் பின்னால் மாராயி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பாத்திரம், கழுத்தில் மாலை, முகத்தில் ரத்தமில்லை.

"தம்பி, சம்சாரம் வந்துட்டாங்களா! நல்லதாப் போச்சு!"

தவசி சிரிக்கவில்லை. "அண்ணே, சட்டத்த மாத்தலண்ணே. நம்மளப் பின்னால உட மாட்டாங்களாம். அதனால வீட்ட முன்னால கொண்டுவராங்க. வெளியில ஒரு கால் வெச்சுட்டா அவளும் சிப்பாயாம். இப்பத்தான் அழுதுக்கிட்டே திரும்பிப் போகப் பாத்தா. உடல. உங்க வீட்டம்மாவ வர வேண்டாம்னு சொல்லுங்கண்ணே."

இருசப்பன் திரும்பினான். ஊர்வலம் வரப்புக்கு வந்துவிட்டது. முன்னால் மேளம், பின்னால் பரஞ்சுடரார், நடுவில் புதுப்புடவை கட்டிய அங்காயி. இத்தனை வருஷமாக அவள் வரவேண்டும் என்று ஏங்கியவன், இரண்டு கையையும் தூக்கி அசைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

"வராத புள்ள! கால வெக்காத! அங்கயே நில்லு!"

மேளச் சத்தத்தில் ஒரு எழுத்தும் போய்ச் சேரவில்லை. அவன் கை அசைப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கூப்பிடுகிறான் என்று நினைத்து, வயசை மறந்து, அவள் ஓடிவந்தாள். வரப்பைத் தாண்டினாள். எல்லாரும் பூ தூவினார்கள்.

அவனுக்குப் பின்கட்டத்தில் வந்து நின்று, மூச்சிரைக்க அவன் முதுகில் கை வைத்தாள்.

"இப்படிக் காஞ்சு போயிட்டீங்களே மாமா. வாங்க, வீட்டுக்குப் போய் எண்ண தேச்சு விடறேன்."

பரஞ்சுடரார் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சிப்பாய்க்குப் பின்னால் மற்றொரு சிப்பாய் ஒரே நேர்கோட்டில் நிற்பதைப் பழைய நூல்கள் பலவீனம் என்று தவறாகக் கூறிவந்தன. அண்மைக்கால ஆராய்ச்சி அந்த மடமையைப் போக்கியுள்ளது. இரட்டைச் சிப்பாயே இன்றைய பலம். யந்திரமும் உறுதி செய்துவிட்டது."

"சாமி, அவ சிப்பாயில்லைங்க. எம் பொண்டாட்டிங்க," என்றான் இருசப்பன்.

"வெளியில் கால் வைத்தவர் எவராயினும் சிப்பாயே. உனக்குக் குடும்பம், நாட்டுக்குப் பலம். ஒரே நகர்வில் இரண்டு நன்மை." பரஞ்சுடரார் பல்லக்கில் ஏறிக்கொண்டார்.

அங்காயிக்கு அப்போதும் சரியாகப் புரியவில்லை. "என்ன மாமா சொல்றாரு? அடுப்ப அணைக்காம வந்துட்டேன். போயிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்," என்று திரும்பினாள். காவலர் ஒருவர் மரியாதையாகக் கையை நீட்டி மறித்தார். அவள் இருசப்பனைப் பார்த்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

தொலைவில் வெண்ணாட்டின் முரசு அடித்தது. புது ஆட்டமாம், சமாதானம் அவ்வளவு நாள்தான். தெருவில் கூட்டம் இன்னும் கலையவில்லை. தோற்றுப்போன கட்சியின் ஆள் ஒருவர் அங்கேயே வண்டிமேல் ஏறி நின்று, அடுத்த தேர்தலில் எங்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள், தெருவில் மிச்சமிருக்கிற அத்தனை பேரையும் அவர்களுடைய சொந்தபந்தத்தோடு சேர்த்து வைக்கிறோம் என்று பேசிக்கொண்டிருந்தார். வேலி இருந்த இடத்தில் அங்காயியின் தங்கை நின்று, அக்காவைப் பார்த்துக்கொண்டே கை தட்டினாள்.